அடைப்பு எடுப்பவர்களிடம் பழைய வீட்டார் கேட்பது

பழைய வீடுகளில் கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்கும் பணியாளர்களுக்கும், அவர்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

கட்டி முடித்து நாற்பது, ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட வீடுகளில் குடியிருப்பவர்களில் ஒருவர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். அடைப்பை எடுத்து, தண்ணீரை ஓடவிட்டுக் காட்டிய பிறகு, உங்கள் கம்பி எவ்வளவு தூரம் போயிற்று, எந்த இடத்தில் முட்டியது, முனையில் என்ன ஒட்டிக்கொண்டு வந்தது, குழாய் எந்தப் பொருளால் ஆனது, அதன் உட்சுவர் எப்படி இருப்பதாக உங்கள் கைக்குத் தெரிந்தது என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இதை அற்பமான கோரிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வீட்டின் கழிவுநீர்ச் சிக்கல் தீராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதற்கு இந்தத் தாள் இல்லாததே முதற்காரணம் என்பது என் கருத்து.

புதிய வீட்டில் அடைத்துக்கொண்டால், பெரும்பாலும் யாரோ எதையோ உள்ளே போட்டுவிட்டார்கள் என்று பொருள்; போட்டதை எடுத்தால் வேலை முடிந்தது. பழைய வீட்டையும் அதே கண்ணோடு பார்ப்பதுதான் தவறு. அங்கே ஈரத் துடைப்புத் தாளோ எண்ணெய்ப் பிசுக்கோ கடைசியாக வந்து சேர்ந்த பொருள் மட்டுமே. அதைப் பிடித்து நிறுத்திய துரு முடிச்சும், விலகிய மூட்டும், உள்ளே புகுந்த வேரும், தொய்ந்துபோன குழாயும் பல ஆண்டுகளாக அங்கே இருந்துவருகின்றன. கம்பியை விட்டு ஆட்டியதும் தண்ணீர் போய்விடுகிறது, ஆனால் பிடித்து நிறுத்தியது அப்படியே இருக்கிறது. சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் அடைக்கும்போது வீட்டார் வேறொருவரை அழைக்கிறார்கள். முன்னால் வந்தவர் அறிந்தது எதுவும் தெரியாமல் அவரும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒவ்வொரு முறையும் கூலி கொடுக்கப்படுகிறது, ஒவ்வொரு முறையும் வேலையும் சரியாகத்தான் நடக்கிறது, குழாய் மட்டும் யாருக்கும் தெரியாமல் மோசமாகிக்கொண்டே போகிறது.

குழாய் எப்படி மோசமாகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இம்மடல் வீட்டாரின் கண்ணிலும் படும் என்பதாலும், நாங்கள் எதை அறிய விரும்புகிறோம் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதாலும் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் குழாய்களும், தரைக்கு அடியில் படுக்கையாகச் செல்லும் குழாய்களும் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. இரும்பு துருப்பிடிக்கும்போது உண்டாகும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் உட்புறம், சுவரிலிருந்து முண்டு முண்டாக வளர்ந்த துருவால் குறுகிவிடுகிறது. முண்டுகளின் சொரசொரப்பு, போகிற தாளையும் முடியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. செங்குத்துக் குழாயைவிடப் படுக்கைக் குழாய் விரைவில் கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் அடிப்பாகம் எப்போதும் நனைந்தே கிடப்பதால் அங்கே சுவர் மெலிந்து, நாளடைவில் நீளவாக்கில் திறந்துகொள்கிறது. மேற்பாகமும் தப்புவதில்லை. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, தண்ணீர் படாத மேற்சுவரின் ஈரத்தில் கரைய, அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் மேலிருந்து அரிக்கிறது. இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றும் நோய் ஒன்று வார்ப்பிரும்புக்கு உண்டு. இரும்பு மட்டும் கரைந்து வெளியேறி, அதில் கலந்திருந்த கிராஃபைட்டு பழைய வடிவத்திலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும்; கத்தியால் சுரண்டினால் உதிரும். அத்தகைய குழாய்க்குள் முரட்டுத்தனமாகக் கம்பியைச் சுழற்றுவதால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வெளியே, மண்ணுக்குள் புதைந்திருக்கும் பகுதி பெரும்பாலும் சுட்ட மண் குழாய், அதாவது தொழிலில் ஸ்டோன்வேர் என்று நீங்கள் சொல்வது. களிமண்ணைச் சுட்டு மெருகேற்றிய இந்தக் குழாயை அமிலமும் துருவும் ஒன்றும் செய்வதில்லை. உடையாமல் இருந்தால் நூறாண்டையும் தாண்டும். அதன் பலவீனம் மூட்டுகளில் இருக்கிறது. பழைய மண் குழாய்கள் 60 முதல் 90 சென்டிமீட்டர் நீளமே உள்ளவை என்பதால், வீட்டிலிருந்து தெருக் குழாய் வரைக்கும் 15 மீட்டர் போனால் வழியில் ஏறக்குறைய 20 மூட்டுகள் வந்துவிடும். ரப்பர் வளையம் வைத்த நெகிழும் மூட்டுகள் வருவதற்கு முன்னால் அவற்றைச் சிமெண்டுக் கலவையால் பூசி அடைத்தார்கள். சிமெண்டு காயும்போது சுருங்கும், மண் அசையும்போது வளைந்துகொடுக்காது. மழையில் பொங்கி, வெயிலில் சுருங்கும் களிமண் நிலமாக இருந்தால் சில பருவங்களிலேயே மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டுவிடும்.

அந்த மயிரிழைதான் வேருக்குப் போதுமானது. மரம் குழாயைத் தேடி வந்து உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல குழாயை வேர் துளைப்பது அரிது. ஏற்கெனவே கசியும் மூட்டைச் சுற்றி மண் ஈரமாக இருப்பதால் வேர் அந்தப் பக்கம் வளர்கிறது, விரிசல் கிடைத்தால் நூல் போன்ற நுனியை நுழைக்கிறது, உள்ளே தண்ணீரும் உணவும் குறைவில்லாமல் கிடைப்பதால் அடர்ந்து பெருகுகிறது, பெருத்த பிறகு மூட்டை நெம்பித் திறக்கிறது. நீங்கள் வெட்டுக் கத்தி பொருத்திய கம்பியால் வேரை வெட்டி எடுக்கும்போது தண்ணீர் உடனே ஓடும். ஆனால் கிளையை நறுக்கிவிட்ட செடி இன்னும் அடர்த்தியாகத் துளிர்ப்பதைப் போல, வெட்டிய இடத்திலிருந்து வேரும் கிளைத்து வளரும். ஆகவே கம்பியின் முனையில் வேர் வந்தது என்னும் ஒரே ஒரு சொல்லை நீங்கள் தாளில் எழுதிவிட்டாலே, இது ஓராண்டுக்குள் திரும்ப வரப்போகும் அடைப்பு என்பதும், அந்த இடத்தில் மூட்டு திறந்திருக்கிறது என்பதும் வீட்டாருக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்லாமல் போவதால் மரத்தை வெட்டுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மரம் போய்விடுகிறது, திறந்த மூட்டு திறந்தபடியே இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமையலறைக் கழிவுநீருக்குப் போட்ட பழைய ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், பூச்சு கரைந்த பிறகு உட்புறம் விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதில் அடைப்பை எடுப்பதைவிடக் குழாயை மாற்றுவதே சிக்கனம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்டுக் குழாய் கிடைத்தால் உலர்ந்த நிலையில் இயந்திர வட்டக் கத்தியால் அறுக்காதீர்கள், அந்தத் தூசி உங்கள் நுரையீரலுக்குத்தான் முதலில் போகும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மரநார்க் கூழையும் நிலக்கரித் தாரையும் சேர்த்துச் செய்த குழாய்கள் புதைக்கப்பட்டன. அவை மண்ணின் பாரத்தால் முட்டை வடிவத்துக்கு நசுங்கிவிடுவதால் அங்குள்ள பழைய வீட்டார் இன்றும் அல்லல்படுகிறார்கள். பி.வி.சி. துருப்பிடிக்காது என்பது உண்மைதான். பசை சரியாகப் பூசாத மூட்டும், ஆண்டுக்கணக்கில் வெயில் குடித்து நொறுங்கும் நிலைக்கு வந்த வெளிக் குழாயும் அதிலும் உண்டு.

பொருள் நன்றாக இருந்தும் வாட்டம், அதாவது சரிவு, கெட்டுப்போன குழாய்கள் தனிப் பிரிவு. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 40-க்கு 1 என்ற வாட்டம், அதாவது மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் இறக்கம், வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது. தண்ணீர் நொடிக்கு 0.6 முதல் 0.75 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் கழிவைத் தன்னோடு இழுத்துச் செல்லும் என்பது இதன் கணக்கு. அடியில் நிரப்பிய மண் சரியாக இறுகாமல் ஓரிடத்தில் அமிழ்ந்தால் குழாய் அங்கே வயிறு தள்ளிக்கொள்கிறது. எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் அந்தப் பள்ளத்தில் வண்டல் படிகிறது, பிசுக்கு உறைகிறது. சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் கழிவுநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்புக் கட்டியைப் போன்ற கெட்டிப் படிவமாக மாறும் என்பதால், இது வெந்நீர் ஊற்றினால் உருகிப் போகும் சமாச்சாரமில்லை. இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பழைய கழிவறைத் தொட்டிகள் ஒரு முறைக்கு 13 லிட்டரும் அதற்கு மேலும் தண்ணீரைத் தள்ளின. இப்போது பொருத்தப்படுபவை 6 லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. தண்ணீரைச் சேமிப்பது நல்லதுதான், நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் 13 லிட்டரை நம்பிப் போட்ட நீண்ட, சொரசொரத்துப்போன, தொய்ந்த குழாயில் 6 லிட்டர் கழிவைப் பாதிவழியில் விட்டுவிட்டுப் போவது இயல்பு. கழிவறைப் பீங்கானைப் புதிதாக மாற்றிய பிறகு அடைப்பு தொடங்கியது என்று வீட்டார் சொன்னால், பீங்கானைக் குறைசொல்வதற்கு முன்னால் குழாயின் வாட்டத்தை ரசமட்டம் வைத்தாவது பார்த்துவிடுங்கள்.

தாளில் எழுதச் சொன்னவற்றுள் மிக முக்கியமானது, வெளியே வந்தது என்ன என்பது. உங்களில் அனுபவம் மிக்கவர்கள் வாளியில் விழுந்ததைப் பார்த்த மாத்திரத்தில் குழாயின் நிலையைச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் அதைக் கொட்டிக் கழுவிவிட்டு, வாய் திறக்காமல் போய்விடுகிறீர்கள். பிசுக்கும் முடியும் மட்டும் வந்திருந்தால் பழக்கத்தை மாற்றினால் போதும். செதில் செதிலாகத் துரு வந்திருந்தால் வார்ப்பிரும்பு உதிரத் தொடங்கிவிட்டது. ஓட்டுச் சில்லு வந்திருந்தால் மண் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது மண். வீட்டார் கழுவிவிட்டது இல்லையென்றால், கழிவுநீர்க் குழாய்க்குள் மண்ணும் மணலும் பொடிக்கல்லும் வர வேறு வழி அரிது. பெரும்பாலும் குழாயில் ஓட்டை விழுந்து, சுற்றியிருக்கும் மண் தண்ணீரோடு உள்ளே கரைந்து போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப் போன மண் இருந்த இடம் தரைக்கு அடியில் வெற்றிடமாகிறது. முற்றத்தில் திடீரென்று தரை உள்வாங்குவதும், சுவரோரம் அமிழ்ந்து விரிசல் விடுவதும், எலி வருவதும் பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகின்றன. வாளியில் மண்ணைப் பார்த்த பிறகும் அதை வீட்டாரிடம் சொல்லாமல் போவதை என்னால் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை.

வேலையைத் தொடங்கும் முன் சில கேள்விகளையும் கேட்கலாம். ஒரே ஒரு கழுவுதொட்டியில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா, அல்லது பல இடங்களிலா? மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ்த்தளக் குளியலறையின் தரைத் துளையில் குமிழி விடுகிறதா? மழை பெய்யும்போது மட்டும் பின்வாங்குகிறதா? ஒரே தொட்டியில் மட்டும் என்றால், அந்தத் தொட்டியை ஒட்டிய கோளாறு. பல இடங்களில் என்றாலோ, குமிழி விட்டாலோ, பிரதானக் குழாயிலோ காற்றுக் குழாயிலோ உள்ள கோளாறு. மழையில் மட்டும் என்றால், அது விரிசல்கள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே புகுவதையோ, மழைநீரை யாரோ கழிவுநீர்க் குழாயில் கொண்டுவந்து சேர்த்திருப்பதையோ காட்டுகிறது. துர்நாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். டிராப் எனப்படும் வளைவில் 50 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராது. பயன்படுத்தாத குளியலறையில் அது வற்றிப்போனால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே நாற்றம் நின்றுவிடும். ஊற்றிய பிறகும் நாற்றம் அடங்காவிட்டால் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ குழாய் பிளந்திருக்கக்கூடும்; அப்போது வாசனைப் பொருளை வாங்கிக் கொட்டச் சொல்லாமல், புகைவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் கருவிகளைப் பற்றி. உயர் அழுத்த நீர்ப் பீச்சு, உறுதியான குழாயில் பிசுக்கையும் வண்டலையும் கம்பியைவிடப் பல மடங்கு நன்றாக வழித்தெடுக்கிறது. கம்பி போடும் துளை அடைப்பின் நடுவே ஒரு வழியை மட்டுமே திறக்கும், பீச்சு சுவர் வரைக்கும் சுத்தம் செய்யும். ஆனால் அடிப்பாகம் தின்னப்பட்ட வார்ப்பிரும்பிலும் மூட்டு கழன்ற மண் குழாயிலும் அதே அழுத்தம் குழாயையே பெயர்த்துவிடலாம், வெளியிலுள்ள மண்ணையும் அரித்துவிடலாம். இதனால் பீச்சைக் கைவிட வேண்டியதில்லை. பழைய குழாயில் முதலில் வழி திறந்து, கேமராவை விட்டுப் பார்த்து, அதன் பிறகு அழுத்தத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். முழு அழுத்தத்தில் தொடங்கி, குழாய் உடைந்த பிறகு, பழைய குழாய்தானே என்று கையை விரிப்பது முறையாகாது.

அமிலத்தைப் பற்றிச் சொல்லும்போது பழியில் பெரும்பங்கு எங்களுடையது என்பதை மறைக்கக் கூடாது. அடைத்ததும் கடையில் விற்கும் அமிலத்தையும் காஸ்டிக் சோடாவையும் வாங்கி ஊற்றுவது வீட்டாரின் வழக்கமாகிவிட்டது. அமிலம் ஏற்கெனவே மெலிந்த இரும்பை மேலும் தின்கிறது. காஸ்டிக் சோடா தண்ணீரோடு சேரும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறுகிறது. அமிலத்தின் மேல் ப்ளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்புகிறது. இவை எல்லாம் அடைப்பின் பின்னால் தேங்கி நின்று, குழாயைத் திறக்கும் உங்கள் முகத்தின் மீது தெறிக்கக் காத்திருக்கின்றன. எதை ஊற்றினோம், எப்போது ஊற்றினோம் என்பதை உங்களிடம் முதலிலேயே சொல்வது வீட்டாரின் கடமை. நீங்களும் கேட்காமல் கைவைக்காதீர்கள். அதேபோல, ஆய்வுத் தொட்டிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஒரு நிமிட வேலைதான் என்று யாரும் இறங்கக் கூடாது. இறங்கச் சொல்லும் வீட்டாரின் வேலையை மறுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்னும் அளவை எட்டும்போது மூக்கு அதன் நாற்றத்தை உணரும் திறனை இழக்கத் தொடங்கிவிடுகிறது. நாற்றம் தெரியவில்லை என்பதால் வாயு இல்லை என்று பொருளாகாது.

கேமராவைப் பற்றி ஒப்பந்தக்காரர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. எங்களில் பலருக்குக் கேமரா என்றாலே ஐயம். அதற்குக் காரணம் நீங்கள்தான். சுத்தம் செய்யாத குழாய்க்குள் கேமராவை விட்டு, மங்கலான திரையில் ஏதோ கருமையாகத் தெரிவதைக் காட்டி, முழுக் குழாயையும் மாற்ற வேண்டும் என்று அங்கேயே விலை பேசுபவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தூரத்தில் எது இருக்கிறது என்று குறித்துத் தராத காட்சி எங்களுக்குப் பயன்படாது. சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த காட்சி, திரையில் ஓடும் தூர அளவு, கேமரா எந்த ஆய்வுத் தொட்டியிலிருந்து எந்தத் திசையில் சென்றது என்ற குறிப்பு ஆகியவற்றோடு பதிவை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அதை இன்னொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்போம் என்று நீங்கள் தயங்கினால், அந்தத் தயக்கமே எங்கள் ஐயத்துக்கு விடையாகிவிடும். பழுது உண்மையாக இருந்தால் இன்னொருவர் கண்ணுக்கும் அது பழுதாகத்தான் தெரியும்.

பழுது உறுதியான பிறகு என்ன செய்வது என்பதிலும் முழு உண்மையைச் சொல்லுங்கள். தோண்டாமல் பழைய குழாய்க்குள் பிசின் ஊறிய உறையைச் செலுத்தி, அதை அங்கேயே இறுக வைக்கும் முறை 1971-இல் லண்டனில் எரிக் வுட் என்பவரால் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்டது. இன்று உலகெங்கும் நடக்கிறது. விரிசலையும் வேர் நுழையும் மூட்டையும் அடைக்க அது நல்ல வழி. ஆனால் அது பழைய குழாயின் வடிவத்தை அப்படியே பின்பற்றுவதால் தொய்ந்த குழாய் தொய்ந்தபடியே இருக்கும். முற்றிலும் இடிந்து விழுந்த இடத்தில் உறை நுழையாது. பக்கவாட்டில் வந்து சேரும் கிளைக் குழாய்களின் வாய்களை மறுபடியும் வெட்டித் திறக்க வேண்டும். இவற்றைச் சொல்லாமல், தோண்ட வேண்டாம் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து விற்றால், பணத்தைச் செலவழித்த பிறகும் பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து வீட்டார் உங்களைத்தான் ஏசுவார்கள். பழைய குழாயை உள்ளிருந்து உடைத்துத் தள்ளிக்கொண்டே புதிய குழாயை இழுத்துவரும் முறையும் இருக்கிறது. அருகில் வேறு குழாய்களும் கம்பிவடங்களும் புதைந்திருந்தால் அதற்கும் எச்சரிக்கை தேவை. பல வீடுகளில், ஒரே ஓரிடத்தில் இரண்டு மீட்டர் தோண்டி ஒரு துண்டை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும். இலாபம் குறைவு என்பதால் அந்த வழியைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

துண்டு மாற்றும்போது செய்யும் ஒட்டு வேலையில்தான் அடுத்த பழுது விதைக்கப்படுகிறது. வார்ப்பிரும்புக்கும் பி.வி.சி.க்கும் வெளிவிட்டம் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் சிமெண்டைப் பூசி ஒட்டினால் சில மாதங்களில் விட்டுவிடும். அந்தந்த விட்டத்துக்கு ஏற்ற ரப்பர் இணைப்பையும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையையும் பயன்படுத்துங்கள். கீழ்த்தளத்தில் செங்குத்துக் குழாயின் ஒரு துண்டை அறுத்தெடுக்கும் முன், மேலே நிற்கும் இரும்பின் பாரம் முழுவதையும் தாங்க ஒரு முட்டுக் கொடுத்துவிடுங்கள். மாடிவரை நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய் இறங்கினால் குழாயோடு மட்டும் போகாது.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் அறியாமலில்லை. அடைப்பை எடுத்தோமா, பணத்தை வாங்கினோமா, அடுத்த வீட்டுக்குப் போனோமா என்று வேகமாக முடிக்கச் சொல்வது பெரும்பாலும் வீட்டார்தான். குழாய் கெட்டுவிட்டது என்று உள்ளதைச் சொன்னால், வேலையைப் பெருக்கப் பார்க்கிறான் என்று முகத்துக்கு நேரே பேசுகிறோம். நல்ல நிலையில் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு குழாய் உடைந்தால், நீங்கள் கம்பி விட்டதால்தான் உடைந்தது என்று அந்தத் தாளையே காட்டிச் சண்டைக்கு வருவோம் என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கிறது. ஆனால் எழுதாமல் போவதால் அந்தச் சண்டை குறைவதில்லை, கூடுகிறது. கம்பி விடுவதற்கு முன் இந்தக் குழாயின் நிலை இது, இந்த வேலையால் இன்ன ஆபத்து உண்டு என்று எழுதி வீட்டாரின் கையொப்பத்தை வாங்கிவிட்டால், அது உங்களுக்கே காப்பு. பார்த்துச் சொல்வதும் ஒரு வேலை, அதற்குத் தனிக் கூலி உண்டு என்பதை வீட்டார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். அடைப்பு எடுக்கும் கூலிக்குள்ளேயே ஆய்வையும் இலவசமாகக் கேட்டால், ஆய்வு விற்பனையாகத்தான் மாறும். அதில் உங்களை மட்டும் குறைகூறுவதற்கு எங்களுக்கு உரிமையில்லை.

தாள் பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாள், அழைத்த காரணம், குழாயின் பொருளும் விட்டமும், எந்தத் திறப்பின் வழியாக உள்ளே போனீர்கள், முட்டிய தூரம், வெளியே வந்த பொருள், பயன்படுத்திய கருவி, உங்கள் பெயர், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது குறித்த உங்கள் கருத்து. தரையோடு பூசி மூடப்பட்ட ஆய்வுத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதை ஒரு கோட்டுப்படமாக வரைந்துவிட்டால் இன்னும் நல்லது. பழைய வீடுகளில் பாதி நேரம் அந்த மூடியைத் தேடுவதிலேயே போகிறது, பல முறை கைமாறிய வீடாக இருந்தால் யாருக்குமே தெரிவதில்லை. ஒப்பந்தக்காரர்கள் இதைத் தங்கள் ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சிட்டு வைக்கலாம், பணியாளர் கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும். ஒரு படி வீட்டாரிடமும் இன்னொரு படி உங்களிடமும் இருக்கட்டும். வீட்டார் அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்து, அடுத்த முறை யாரை அழைத்தாலும் முதலில் அதை எடுத்துக் காட்டட்டும். வந்தவர் அதைப் படித்துவிட்டு, முட்டிய தூரம் முன்பு குறித்த அதே தூரம்தானா என்று அளந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்கட்டும். ஒரே தூரத்தில் இரண்டாம் முறை முட்டினால் மூன்றாம் முறைக்குக் காத்திராமல், அந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

அடுத்த வேலையிலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வீட்டில் குடியிருக்கும் ஒருவர்